ஜெர்மனிக்கு உளவு பாத்ததா குத்தம் சாட்டப்பட்ட பிரெஞ்சு ராணுவ கேப்டன் ட்ரைஃபஸ் நிரபராதின்னா ராணுவ கோர்ட் அவர எப்படி ரெண்டு தடவ தண்டிச்சுது?

முத தடவ ஏமாத்து வேலை, ரெண்டாவது தடவ ராணுவத்தோட மானத்த காப்பாத்துற வேலை, அவ்ளோதான்.

1894ல பாரிஸ்ல ஜெர்மன் தூதரக குப்பைக்கூடைல இருந்து ஒரு லெட்டர் பிரெஞ்சு உளவுத்துறை கைக்கு வருது, பிரெஞ்சு ராணுவ ரகசியத்த விக்கிற ஆளு எழுதுனது. தலைமையகத்துல இருந்த யூத கேப்டன் ஆல்ஃபிரட் ட்ரைஃபஸ் கையெழுத்து கொஞ்சம் ஒத்துப்போச்சு, யூத அதிகாரின்னாலே துரோகின்னு சில பேப்பர்ங்க எழுதிட்டிருந்த காலம் வேற, ஆள புடிச்சிட்டாங்க.

முழுசா ஒத்துவரலயேன்னு கேட்டா பெர்த்தியோன்னு ஒரு போலீஸ் நிபுணர் சொன்னாரு பாருங்க, மாட்டிக்கக் கூடாதுன்னு ட்ரைஃபஸே தன் கையெழுத்த மாத்தி போலியா எழுதிருக்காராம்! அப்புறம் அந்தாளு எப்படித்தான் தப்பிக்கிறது?

இன்னும் மோசம், நீதிபதிங்க தனியா உக்காந்து முடிவெடுக்குறப்போ ஒரு ரகசிய ஃபைல் உள்ள போச்சு, அப்படி ஒண்ணு இருக்கறதே ட்ரைஃபஸோட வக்கீலுக்கு தெரியாது. ஏழு பேரும் ஒருமனதா தீர்ப்பு, ஆயுளுக்கும் தென் அமெரிக்கா பக்கம் இருந்த டெவில்ஸ் தீவுங்கிற பிரெஞ்சு சிறைத்தீவு.

1896ல உளவுத்துறை தலைவர் பிக்கார் நிஜ ஆளு எஸ்தராசின்னு ஒரு மேஜர்னு கண்டுபிடிச்சாரு, பரிசா அவர டுனீசியாவுக்கு தள்ளிட்டாங்க. ட்ரைஃபஸுக்கு எதிரா ஆன்றின்னு ஒரு அதிகாரி செஞ்ச "புது ஆதாரம்" ரெண்டு பேப்பர ஒட்டுன போலி, விளக்கு வெளிச்சத்துல பாத்தப்போ பேப்பர்ல அச்சடிச்சிருந்த கோடுகளோட கலர் ரெண்டு துண்டுலயும் வேற வேறயா இருக்கறது தெரிஞ்சு 1898ல மாட்டுனாரு.

இவ்ளோ தெரிஞ்சும் 1899ல பிரான்ஸ்ல ரென்ங்கிற ஊர்ல மறுவிசாரணைல 5க்கு 2ன்னு மறுபடி குற்றவாளி, ஆனா "தண்டனைய குறைக்கிற சூழ்நிலை" இருக்காம், 10 வருஷம். தேசத்துரோகத்துக்கு அதென்னய்யா சூழ்நிலை? ஜனாதிபதி உடனே மன்னிப்பு குடுத்தாரு, நிரபராதின்னு தீர்ப்பு வந்தது 1906லதான். எஸ்தராசி இங்கிலாந்துக்கு ஓடிப்போய் இந்த துரோகத்துக்கு கடைசிவரை தண்டனையே வாங்கல.