ஏழு பேர் வேண்டும்

வணக்கம் அண்ணா,

எனக்குச் சுங்கை சிப்புட். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் மாமாவுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தவனை எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைப் போதகர்தான் இரவு வகுப்புக்கு இழுத்தார். அங்கே படித்து, படிவம் ஐந்தில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதினேன். இன்று ஈப்போவில் ஏர்கோன் வேலை.

வகுப்புக்குக் கட்டணம் இல்லை. ஒரே நிபந்தனை, சனிக்கிழமை காலை ஊர் வேலைக்கு வரவேண்டும். தனியாக இருக்கும் பாட்டிகளின் வீட்டுக் கூரை, அடைத்த சாக்கடை, மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் கோயில் குப்பை, எல்லாம் எங்கள் வேலைதான். வரலாற்றுப் பாடத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே எல்பில் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

இந்த ஆண்டோடு அவருக்கு ஓய்வு. வகுப்பை என்னை நடத்தச் சொல்கிறார். நான் சாமி கும்பிடுகிறவன். "பாதிரியார் வேலை உனக்கெதுக்கு? நாளைக்கு உன்னையும் மாத்திடுவாங்க" என்கிறார் அம்மா. சபையிலோ, பெரிய ஊருக்குப் போயிருக்க வேண்டியவர் இந்தப் பையன்களோடு காலத்தைக் கழித்துவிட்டார் என்று பேச்சு. நான் என்ன செய்ய?

ச., சுங்கை சிப்புட்

அன்புத் தம்பி,

அம்மா கேட்பதைச் சிரித்து ஒதுக்காதே. பாடத்தோடு மதத்தையும் சேர்த்து ஊட்டிய இடங்கள் உண்டு, அந்தப் பயம் காற்றில் வந்ததில்லை. ஆனால் உன் போதகர் விஷயத்தில் பதில் உன் கடிதத்திலேயே இருக்கிறது. திருநீற்றோடு போன பையன் திருநீற்றோடுதான் வீடு திரும்பியிருக்கிறான். நடுவில் கோயில் குப்பையையும் அள்ளியிருக்கிறான். இதை அம்மாவிடம் சொல்லிப் பார்.

இன்னொன்றும் சொல்லலாம். 2016இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 வயது என்று கொண்டாடினோமே, அந்தக் கணக்கு தொடங்குவதே ஒரு பாதிரியாரிடம்தான். 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கினார். அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் முதல் புள்ளியாக வைக்கிறோம்.

சபைக்காரர்களின் பேச்சுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஈப்போவில் வேலை பார்க்கிற நீ எழுதிய கடிதம் போதும்.

எனக்குப் பிடிபட்டது அந்தச் சனிக்கிழமைதான். கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு தோட்டத்தில் இலவச டியூஷன் தொடங்கினோம். மைலோவும் பிஸ்கட்டும் உண்டு. முதல் வாரம் முப்பது பேர். ஒரு மாதத்தில் மைலோதான் மிச்சம். பையன்களுக்கு அக்கறை இல்லை என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பும் எழுதிவிட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவன் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாயில். மலாயில் தேறாதவனுக்குப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போய்விடும். படிவம் மூன்றில் உட்காரும்போது பதினாறு வயது, மீசை முளைத்திருக்கும், பின் வரிசை. உனக்கு ஒன்றும் வராது என்பதை அதற்குள் பல தடவை கேட்டிருப்பான். நாங்களும் அதையேதான் மைலோ கொடுத்துச் சொன்னோம். உன் போதகர் அவனிடம் ஏணியைக் கொடுத்து, பாட்டி வீடு ஒழுகுகிறது, போய்ப் பார் என்றார். கூரையிலிருந்து இறங்கியவனுக்குப் பாட்டி தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பார், அடுத்த வாரமும் வரச் சொல்லியிருப்பார். அப்புறம் புத்தகத்தைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

எல்பில் போனதும் சும்மா ஊர் சுற்றியதில்லை. மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, மற்ற பாடங்களில் என்ன வாங்கினாலும் சரி. வரலாறு இந்தக் கட்டாயத்தில் சேர்ந்தது 2013இல். 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப் பக்கத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டார்கள், நாட்டில் அவசரகாலம் வந்தது. அதில் ஒருவர் எல்பிலில் சுடப்பட்டவர். மனப்பாடம் வராதவனுக்கும் அந்த இடத்தில் நின்று கேட்டது மறக்காது.

சரி, நீ எடுத்து நடத்தலாமா? நடத்து. ஆனால் அவரைப் போல நடத்தாதே. சாவி, கணக்கு, பையன்கள் அழைக்கும் போன் எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தது அவர் செய்த தவறு. மரியாதையோடுதான் சொல்கிறேன். அதனால்தான் அவர் ஓய்வு பெறுவது வகுப்புக்கே ஆபத்தாகிவிட்டது.

வகுப்பைச் சபை மண்டபத்திலிருந்து பொது மண்டபத்துக்கு மாற்று, அம்மாக்களின் பாதிக் கேள்வி அடங்கும். 1966 சங்கச் சட்டத்தில் சங்கம் என்று பதிய ஏழு பேராவது வேண்டும். அந்த ஏழு பேரைத் தேடு. பழைய மாணவர் மூவர், ஓய்வுபெற்ற மலாய்மொழி ஆசிரியர் ஒருவர், கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர். போதகரும் இருக்கட்டும், தலைவராக வேண்டாம்.

இன்னொரு வேலை உன்னால்தான் முடியும். எஸ்.பி.எம். எல்லாருக்கும் ஒத்துவராது. மலேசியத் திறன் சான்றிதழ் முறையில் ஐந்து நிலை உண்டு, முதல் மூன்றும் எஸ்.கே.எம். சான்றிதழ். முதல் நிலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். வேலை அனுபவத்தை நிரூபித்து வாங்கும் வழியும் உண்டு. ஏர்கோன் வேலையில் நீயே முதலில் வாங்கிவிடு. வாங்கியவன் சொன்னால்தான் பையன்கள் நம்புவார்கள்.

ஏழாவது ஆளாக அம்மாவைப் போடு, பொருளாளராக. லயத்தில் கூட்டு (சீட்டு) பிடித்துப் பழகிய தலைமுறை, கணக்கில் ஒரு வெள்ளி பிசகாது. பையன்களை யாராவது மாற்றப் பார்த்தால் முதலில் தெரியப்போவதும் அவருக்குத்தான்.