பாயிண்ட் டூ டூ வாங்கலாமா, ஏர் ரைபிளே போதுமா?

கேள்வி (மன்னார்குடி): வயது 34. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தென்னந்தோப்பில் அட்டை வைத்துச் சுட்டுப் பழக ஆசை. ரூ.15,000 வரை போடலாம். பாயிண்ட் டூ டூ ரைபிள்தான் குறி தப்பாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: நண்பர்கள் சொல்வது உண்மைதான். நல்ல .22 ரைபிளில் (0.22 அங்குலக் குழலும் வெடிமருந்துத் தோட்டாவும் உள்ளது) சரியான தோட்டா போட்டால் 50 மீட்டரில் ஒரே பொத்தலைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். ஆனாலும் உங்கள் தோப்புக்கு அது வேண்டாம்.

முதல் காரணம் மண். நம் பக்கம் ஒரே சமவெளி. குண்டைத் தாங்க ஒரு குன்று கிடையாது. அரை மைலுக்கு ஒரு தெரு, நடுவில் வயல் வேலைக்கு ஆட்கள். .22 தோட்டா ஒன்றரை மைல் வரை போகும். தண்ணீர் நிற்கும் வயலில் தாழ்வாகப் பட்டால் ஓட்டாஞ்சில்லு போலத் தத்தி எழுந்து வேறு திசையில் பாயும். எழுந்தபின் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, லைசென்ஸ். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பம், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, போலீஸ் விசாரணை, பிறகு கலெக்டர் உத்தரவு. கிடைத்தாலும் தோட்டாவுக்கு வரம்பு உண்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மூன்றாவது, விலை. தேசிய ரைபிள் சங்கத்தின் சிபாரிசு பெற்ற போட்டி வீரர்கள் தவிர மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாது. அதனால் சந்தையில் கிடைப்பது இஷாப்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் இந்திய ரைபிளும், கை மாறிக் கை மாறி வரும் பழைய செக் நாட்டு ப்ர்னோ போன்றவையும்தான். நல்ல நிலையில் இருக்கும் ப்ர்னோவின் விலை உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வராது. .22 சுட்டே தீர வேண்டும் என்றால் திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. உறுப்பினராகி, ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கச் சுடுங்கள்.

தோப்புக்கு .177 ஏர் ரைபிள் போதும். காலிபர், அதாவது குழலின் விட்டம், 4.5 மி.மீ.க்கும் குண்டின் சக்தி 20 ஜூலுக்கும் மிகாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. காலிபரோ ஜூலோ இந்த அளவைத் தாண்டினால் தேவை. கடையில் அடையாள அட்டை, முகவரிச் சான்று நகல் கேட்பார்கள். கொடுத்துப் பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 'பில் வேண்டாம், குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது எடை குறைந்த பெல்லட்டில் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) அளந்தது. 0.52 கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் சுமார் 10 ஜூல். பத்து மீட்டர் அட்டைக்கு அதுவே தாராளம். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தி, அது தள்ளும் பிஸ்டனால் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியில் வேகத்தைக் கூட்டக் கூட்ட உதைப்பும் அதிர்வும் கூடும், மடக்கவும் கை வலிக்கும். நாற்பதாவது குண்டுக்குள் தோள் சோர்ந்துவிடும், குறி சிதறும். இரண்டு மாடலில் குறைந்த வேகமுள்ளதையே எடுங்கள் என்பேன்.

காற்றுச் சிலிண்டர் வைத்த பி.சி.பி. ரகத்தில் உதைப்பு இல்லை, குறியும் அருமை. ஆனால் பம்ப்புக்குத் தனியாகச் செலவாகும். கைப்பம்ப்பில் நம் ஊர் ஈரக்காற்றை அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் தங்கி, உள்ளே துருவேறும், வால்வு கெடும். ரூ.15,000 பட்ஜெட்டுக்கு ஸ்பிரிங் ரகமே சரி.

கடையில் பார்க்க வேண்டியது: பேரலை மடக்கி மூடிய பின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இம்மி ஆடினாலும் வேண்டாம். அந்தக் கீல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்கார்ந்தால் எந்தப் பெல்லட்டும் காப்பாற்றாது. பேரல் வாயின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். பிசிறோ தட்டுப்பட்ட தழும்போ இருந்தால் பெல்லட் வெளியேறும்போது காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். ட்ரிகர் மணலில் இழுப்பதுபோல் உரசாமல், ஒரே இடத்தில் 'டக்'கென்று விட வேண்டும். குண்டில்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள். எதிர்க்காற்றின் மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் முட்டும்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். ஸ்பிரிங் ரைபிள் பின்னுக்கு ஒருமுறை, முன்னுக்கு ஒருமுறை உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப்பின் உள்கண்ணாடி கழன்றுவிடும். பத்து மீட்டருக்கு ஃபோகஸ் திருப்ப முடியாததும் உதவாது. அந்தப் பணத்தில் பெல்லட் வாங்குங்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 60 என்றால் மாதம் கிட்டத்தட்ட 500.

தட்டைத் தலை பெல்லட்டில் இரண்டு மூன்று கம்பெனிச் சரக்கு வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து மீட்டரில் ஐந்து சுடுங்கள். பொத்தல் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து 4.5 மி.மீ. கழித்தால் குரூப், அதாவது குண்டுகள் சிதறிய அளவு, கிடைக்கும். அது 10 மி.மீ.க்குள் வந்தால் அந்த பெல்லட்டையே வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அட்டையில் 10-ஆம் புள்ளி 0.5 மி.மீ., 9-ஆம் வளையம் 5.5 மி.மீ. விட்டம். பொத்தலின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உள் வளையப் புள்ளி என்பதால், நடுவில் அமைந்த 10 மி.மீ. குரூப்பில் பெரும்பாலும் ஐந்துமே ஒன்பதுக்குக் குறையாது. அதற்கு மேல் துப்பாக்கியைக் குறை சொல்ல வழியில்லை.

கேள்வி (கும்பகோணம்): புது ஏர் ரைபிள், முதல் வாரம் நன்றாகச் சுட்டது. துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே எண்ணெய் விட்டேன். இப்போது வெடிச் சத்தம், புகை. குண்டு எங்கெங்கோ போகிறது.

பதில்: எண்ணெய்தான் காரணம். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் இஞ்சினில் நடப்பதுபோல. ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் போகும். நாளானால் பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் ஒடியும். இனி ஒரு சொட்டும் விடாதீர்கள். கொஞ்சம் கனமான பெல்லட்டில் ஐம்பது, நூறு சுட்டால் புகை அடங்கும்.

அடங்கியும் சிதறினால் முதலில் ஸ்குரூக்களைப் பாருங்கள். கட்டையின் முன்பக்க ஸ்குரூக்களும் ட்ரிகர் கார்டு ஸ்குரூவும் உதைப்பில் தளரும். நூறு குண்டுக்கு ஒருமுறை பார்த்து முடுக்குங்கள், நெரிக்க வேண்டாம். அடுத்து, பேரல் மூடும் இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்து அட்டையைப் பார்த்துச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் அங்கிருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது; அற்ப விலைதான், மாற்றிவிடலாம்.

இரண்டும் சரியென்றால் பிடியில்தான் கோளாறு. குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி அசையும். இடது உள்ளங்கையை விரித்து, கட்டை அதன்மேல் சும்மா கிடக்கட்டும், தினமும் ஒரே இடத்தில். செங்கல் சுவரின் மேல் பேரலை வைத்துச் சுட்டால் குறி மேலே போகும். பெல்லட் போடும்போது மட்டும் மடக்கிய பேரலை மறு கையால் கெட்டியாகப் பிடித்திருங்கள்; ட்ரிகர் தவறி விட்டால் பேரல் அடித்து மூடும், விரல் போய்விடும்.

கேள்வி (நாகப்பட்டினம்): உறையில் வைத்த ரைபிள் ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிட்டது.

பதில்: உறையின் பஞ்சு ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறை எடுத்துப் போக மட்டும். வீட்டில் பூட்டிய அலமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், கை ரேகை பட்ட இடத்தில்தான் முதல் துரு வரும். மரக்கட்டை மழைக்காலத்தில் ஊறிப் பருக்கும், குறி நகரும். சைட்டை அப்போது ஒருமுறை சரிசெய்யுங்கள்.

கேள்வி (பாபநாசம்): காலமான அப்பாவின் பழைய .22 ரைபிள் வீட்டில் இருக்கிறது. நான் பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் பெயரில் லைசென்ஸ் வரும் வரை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் விண்ணப்பியுங்கள். உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி மொத்தம் இரண்டுக்கு மேல் கூடாது. திரும்பக் கைக்கு வந்ததும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) வாயைக் காட்டுங்கள். .22 போன்ற ரிம்ஃபயர் ரகத்தில் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும்; தோட்டா இல்லாமல் வெறுமனே அடித்துப் பழகியிருந்தால் ஊசி சேம்பர் விளிம்பையே குத்திப் பள்ளமாக்கி, தோட்டா சிக்கும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): அட்டைக்குப் பின்னால் வைக்கோல் போர் இருந்தால் போதுமா?

பதில்: போதாது. பெல்லட் வைக்கோலில் இடுக்குத் தேடிப் போய்விடும், அந்த வைக்கோலை மாடு தின்னும். ஒன்றரை அடி ஆழமுள்ள மரப்பெட்டியில் பழைய சேலை, சாக்கு எல்லாம் மிதித்துத் திணியுங்கள். பின்பலகைக்கு உள்ளே இரும்புத் தகடு வையுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஜன்னலில்லாத சுவர் இருக்க வேண்டும், பாதையோ வாய்க்கால் படித்துறையோ இருக்கக் கூடாது. தப்பிய பெல்லட் நானூறு கெஜம் வரை ஆபத்து. கொக்கு, நாரை, மடையான் எதைச் சுட்டாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஈயத்தைத் தரையில் விடாதீர்கள். அறுப்பு முடிந்து வாத்துக் கூட்டம் மேய வரும்போது, தீனி அரைக்கப் பொடிக்கல் பொறுக்குவதுபோல் பெல்லட்டையும் விழுங்கும். வயிற்றில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறினால் ஒன்றிரண்டே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். மாதம் ஒருமுறை பெட்டியைப் பிரித்து, பெல்லட்டைத் தகர டப்பாவில் அள்ளிப் பழைய ஈயம் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.