குளிர்காலத்து ஜாடிக்கு வெள்ளி இலை

இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம், எதிர்வீட்டு வாசலில் சாம்பல் வெள்ளையாக நிற்கிற செடி என்ன, அதை வளர்த்து ஜாடியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் தங்கச்சி. தாராளமாக வைக்கலாம். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், அந்த நேரத்தில் விளக்கடியில் ஒரு கொத்து வெள்ளி இலை இருந்தால் மனசுக்கே தெம்பாக இருக்கும்.

இலையைத் தொட்டுப் பாருங்கள். பெருவிரலால் தேய்த்ததும் மாவு போன்ற பூச்சு போய்ப் பச்சை தெரிந்தால் அது யூக்கலிப்டஸ் குன்னீ, நம் ஊட்டித் தைல மரத்துக்குச் சொந்தம். மேலே பச்சை, திருப்பினால் வெள்ளிச் செதில் மின்னுகிறது என்றால் எலியாக்னஸ். இலையுதிர்காலத்தில் அதன் பூ கண்ணில் படாது, வாசனை மட்டும் வரும். மெத்தென்று ரோமம், அடிப்பக்கம் முழு வெள்ளை, விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் பிராக்கிகுளோட்டிஸ் சன்ஷைன். நீங்கள் சொன்ன அடையாளத்துக்கு இதுதான் பொருந்துகிறது. நியூசிலாந்து வம்சம், கோடையில் மஞ்சள் பூ, ஒரு மீட்டர் உயரம்தான் ஆனால் அகலமாகப் படரும். பழைய ஆட்கள் செனிசியோ என்பார்கள். மரிக்கொழுந்துக்கு உறவான ஆர்ட்டிமீசியாவும் கடையில் கிடைக்கும், வாசனைக்காக வாங்கலாம், குளிரில் அது களையிழந்துவிடும்.

இந்தச் செடிகளை இங்கே பெரும்பாலும் கொல்வது குளிர் இல்லை, வேரில் தேங்குகிற ஈரம். உங்கள் பக்கம் பல இடங்களில் களிமண், அதனால் அடியில் ஓட்டையுள்ள பெரிய மண்தொட்டியில், கலவையோடு பொடிக்கல் தாராளமாகச் சேர்த்து, வெயில் விழும் இடத்தில் வையுங்கள். உரம் அள்ளிப் போட்டால் இலை பச்சையாகி வெள்ளி மங்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை, ஆகஸ்ட் செப்டம்பரில் எதிர்வீட்டில் கேட்டு விரல் நீளக் கொம்பு நாலைந்து வாங்கி ஊன்றுங்கள், சுலபமாக வேர் பிடிக்கும், இங்கே கேட்டால் சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

ஜாடியில் வைக்கும்போது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது. ரோம இலை நனைந்தால் அழுகி நாறும், தண்ணீரை உறிஞ்சி மேஜையில் சொட்டவும் செய்யும். பொங்கலுக்கு சூப்பர்மார்க்கெட் மஞ்சள் சாமந்தி ஒரு கட்டு வாங்கி இந்த இலைகளுக்கு நடுவே செருகிப் பாருங்கள், அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

யூக்கலிப்டஸ் ஆசை வந்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள், வாடகை வீட்டில் சுவரோரம் தரையில் நடாதீர்கள், விட்டால் பெரிய மரமாகிவிடும். தொட்டியிலேயே வைத்து, வருஷா வருஷம் மார்ச்சில் ஓட்ட வெட்டுங்கள். அப்போதுதான் ஜாடிக்கு ஏற்ற அந்த வட்ட இளம் இலை திரும்பத் துளிர்க்கும், இல்லாவிட்டால் நீளமாகப் பச்சை இலைதான் வரும்.