ஸ்பைக் பிரிக்கக் காசு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். கரப்பான்பூச்சிக் காலில் மெல்லிய கம்பி செருகி நரம்புத் துடிப்பைப் பதிவு செய்கிறோம். இரண்டு சேனல், வினாடிக்கு 20,000 மாதிரி. ஸ்பைக்குகளை (நரம்புச் செல் சுடும்போது வரும் கூர்மையான மின்துடிப்புகளை) கண்டுபிடித்து, எது எந்தச் செல்லுடையது என்று பிரிக்க மென்பொருள் உரிமமும் கிராபிக்ஸ் கார்டு வைத்த கணினியும் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதிரிக்கு 2 பைட் என்று வைத்தால், உங்கள் ஒரு மணி நேரப் பதிவு 288 எம்பிதான். சாதாரண மடிக்கணினியே தாராளம். என்விடியா கிராபிக்ஸ் கார்டு கேட்பது கிலோசார்ட் போன்ற ஸ்பைக் பிரிக்கும் மென்பொருள்கள். ஒரே நேரத்தில் 384 சேனல் பதிவாகும் நியூரோபிக்சல்ஸ் மாதிரியான மின்முனைகளுக்கு அது தேவை. அந்தக் கிலோசார்ட்டும் இலவசம்தான்!

உங்களுக்கு ஸ்பைக்இன்டர்ஃபேஸ் என்ற மென்பொருள் போதும். பைத்தானில் ஓடும், காசில்லை. வேவ்கிளஸ் என்ற மென்பொருளும் நல்லதுதான், ஆனால் அது ஓட மேட்லேப் என்ற கட்டண மென்பொருள் வேண்டும். துறையில் அதற்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் வேலை ஒன்றே. முதலில் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டினால் மின்விசிறி, டியூப்லைட்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அப்புறம் வாசல் அளவு, அதாவது எந்த உயரத்தைத் தாண்டினால் ஸ்பைக் என்று எடுப்பது என்ற எல்லை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திட்ட விலக்கத்தை (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) வைத்துப் போட்டால், பெரிய ஸ்பைக்குகளே அந்த எண்ணை ஏற்றிவிட்டுச் சின்ன ஸ்பைக்குகளை விழுங்கிவிடும். அதற்குப் பதில் கூட்டல், கழித்தல் குறி நீக்கிய மதிப்புகளின் இடைநிலையை (மீடியன்) எடுத்து 0.6745ஆல் வகுத்து, அதன் 4 அல்லது 5 மடங்கை வாசல் அளவாக வையுங்கள். கடைசியில் உருவ ஒற்றுமை பார்த்துக் கூட்டம் பிரிக்க வேண்டும். ஒரே நரம்புச் செல் 1 மில்லிசெகண்டுக்குள் இரண்டு முறை சுடாது. ஒரு கூட்டத்தில் அப்படி நிறைய தெரிந்தால் இரண்டு செல் கலந்திருக்கிறது, அல்லது இரைச்சல் புகுந்திருக்கிறது.

சரி, துறைத்தலைவர் வாங்கியே தீருவேன் என்றால்? விற்பவர் காட்டும் சுத்தமான மாதிரிக் கோப்பை நம்பாதீர்கள். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரப்பெட்டி வாங்கினால் திறந்து, தட்டிப் பார்க்காமலா காசை எண்ணுவோம்? உங்கள் பதிவையே கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். உரிமம் ஒரு கணினிக்கா, துறைக்கா, எத்தனை வருடம், முடிவை வேறு கோப்பாக எடுக்கலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தில் இரும்புக் கடையில் கம்பி வலை வாங்கி, சட்டம் அடித்து, பதிவு செய்யும் இடத்தைச் சுற்றிக் கூண்டு கட்டி எர்த் கொடுங்கள். இரைச்சலைப் பதிவாகும்போதே தடுப்பது எந்த மென்பொருளையும்விட மலிவு.