காய்கறித் தோட்டத்துக்கு அரை மாதச் சம்பளம் போடலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 10 அடி இடம் சும்மா கிடக்கிறது. வசந்தம் முடிவதற்குள் காய்கறித் தோட்டம் போட்டால் மாதச் செலவு குறையும் என்று நினைக்கிறேன். பலகைப் பாத்தி, மண் மூட்டை, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் சேர்த்தால் அரை மாதச் சம்பளம் வருகிறது. கிரெடிட் கார்டில் தவணையாக வாங்கலாமா, இல்லை அவசரச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தோட்டத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள், ஆனால் முதல் வருஷம் தரையிலேயே போடுங்கள். இந்த வருஷத்து மொத்தச் செலவு உங்கள் ஒரு மாதக் காய்கறிச் செலவைத் தாண்டக் கூடாது, அதுவும் கையில் இருக்கும் பணமாக இருக்க வேண்டும். தக்காளி காய்ப்பதற்குள் கார்டு வட்டி ஏறிவிடும்.

உங்கள் பட்டியலில் பணத்தை விழுங்குவது பலகை இல்லை, மண். 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்துக்கு ஒரு பாத்தி என்றால் 32 கன அடி, அதாவது ஏறக்குறைய 900 லிட்டர். 40 லிட்டர் மூட்டையாக வாங்கினால் 23 மூட்டை! இருக்கிற மண்ணைக் கொத்திவிட்டு, மேலே இரண்டு அங்குலம் மட்கு உரம் போட்டுக் கலந்தாலே முதல் வருஷத்துக்குப் போதும். (மண்ணில் பழைய பெயின்ட், கட்டட இடிபாடு கலந்திருக்கும் சந்தேகம் இருந்தால் மட்டும் பரிசோதனைக்குக் கொடுங்கள், அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.)

அப்புறம், எதை விதையாக வாங்குவது, எதை நாற்றாக வாங்குவது என்பதில்தான் வசந்தத்தின் கடைசியில் பலரும் பணத்தை விடுகிறார்கள். தக்காளி, மிளகாய் விதையிலிருந்து நடவுக்குத் தயாராக 6 முதல் 8 வாரம் ஆகும், அதற்கு இப்போது நேரம் இல்லை, நாற்றாகவே வாங்குங்கள். பூவும் பிஞ்சுமாக நிற்கும் பெரிய செடியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் விலை அதிகம், வேர் பிடிக்கவும் சிரமப்படும். சின்ன நாற்றே நல்லது. தக்காளி நாற்றில் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு தண்டில் பாதி வரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள், தக்காளித் தண்டு புதைந்த இடமெல்லாம் வேர் விடும். பீன்ஸ், வெள்ளரி, பூசணி இந்த மூன்றையும் நாற்றாக வாங்குவது வீண். உறைபனி விழும் ஊராக இருந்தால் அது முடிந்து மண் சூடேறிய பிறகு விதையை நேராக ஊன்றினால் போதும். மீதி விதையை ஈரம் படாமல் வைத்தால் அடுத்த வருஷமும் முளைக்கும்.

வாரா வாரம் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, பாதி வாடிப்போய் குப்பைக்குப் போகிறதே கீரையும் கொத்தமல்லி, புதினா மாதிரி வாசனை இலைகளும், அவற்றுக்கு முதல் இடம் கொடுங்கள். வேண்டியபோது வேண்டிய அளவு கிள்ளிக்கொள்ளலாம், சேமிப்பு அங்கேதான் சீக்கிரம் தெரியும். உருளை, வெங்காயம் மலிவாகவே கிடைப்பவை, இடத்தையும் அடைக்கும், விடுங்கள். என் முதல் தோட்டத்தில் 12 தக்காளி வைத்தேன், ஒரே வாரத்தில் எல்லாம் பழுத்து, கூடை கூடையாக அழுகியது இன்னும் மனசை உறுத்துகிறது. நாலு பேர் வீட்டுக்கு 4 செடி தாராளம். பீன்ஸையும் ஒரே நாளில் ஊன்றாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசையாக ஊன்றுங்கள்.

தண்ணீர்க் கணக்கை யாரும் போடுவதில்லை. மழை இல்லாத வாரத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 25 லிட்டர் வேண்டும், உங்கள் இடம் முழுக்க நட்டால் வாரம் 230 லிட்டர். தண்ணீருக்குக் காசு கட்டுகிறவர் என்றால் அதையும் செலவில் எழுதுங்கள். செடியைச் சுற்றி காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். சொட்டுநீர்க் குழாய்க்கு இப்போது அவசரம் இல்லை.

சமையலறையில் ஒரு நோட்டு வையுங்கள். பறித்த எடை, அன்றைய கடை விலை, சாப்பிட்டதா வீணானதா, இவ்வளவு எழுதினால் சரி. பருவம் முடிந்ததும் அந்த நோட்டோடு உட்கார்ந்து பலகைப் பாத்தி வேண்டுமா என்று முடிவு செய்யலாம். கடைகளில் தோட்டச் சாமான்களுக்குத் தள்ளுபடி போடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.