கடவுள் ஏன் மனிதராகப் பிறக்க வேண்டும்? மேலிருந்தே மன்னித்தால் போதாதா? இது அவதாரம்தானே?

இயேசுவைப் பற்றி இப்படி ஒருவர் கேட்டிருந்தார். கேட்டவர் கத்தோலிக்கர் இல்லை என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் துவாஸ் டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதி) என் அறையில் இருந்த மன்னார்குடி அண்ணனும் இதையேதான் கேட்டார். சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலுக்குத் தவறாமல் போகிறவர். "பத்து அவதாரம் எங்களுக்கும் இருக்கே தம்பி, உங்க சாமி வந்ததுல என்ன வித்தியாசம்?" அன்று எனக்கு வாய் வரவில்லை. நான் குருமடத்தில் படித்தவன் இல்லை, வெல்டர். பிழை இருந்தால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

2020 பிப்ரவரியில் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் எனக்கு மகள் பிறந்தாள். மே மாதம் லீவு சொல்லியிருந்தேன். ஏப்ரலில் கொரோனாவால் டார்மிட்டரியை அடைத்துவிட்டார்கள். அப்புறம், ஊருக்குப் போனால் திரும்பி வரவிடுவார்களா என்ற பயம். ஞானஸ்நானத்தையே போனில்தான் பார்த்தேன். தினமும் ராத்திரி வீடியோ காலில் அவளோடு பேசுவேன், பாடுவேன். மாசம் தவறாமல் பணம் அனுப்பினேன்.

2022 மார்ச்சில் வீட்டு வாசலில் போய் நின்றால், பிள்ளை அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். "அப்பா வந்துருக்காங்க பாரு" என்று அவள் அம்மா சொல்ல, அலமாரியில் இருந்த போனைக் கைகாட்டி "அப்பா அங்க" என்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் தானாகவே வந்து மடியில் ஏறினாள். என் முன்கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு ஒன்று உண்டு. அதைத் தடவித் தடவி, "அப்பாக்குப் புண்ணு" என்று ஊதிவிட்டாள்.

இரண்டு வருஷமாக நான் பேசியதெல்லாம் உண்மையான அன்புதான். ஆனாலும் அவளுக்கு அப்பா கிடைத்தது அன்றைக்குத்தான். முன்பு இறைவாக்கினர் வழியாகப் பேசிய கடவுள் இப்போது மகன் வழியாகப் பேசினார் என்று பைபிளில் எபிரேயர் திருமுகம் தொடங்குவது எனக்கு அன்று விளங்கியது. மேலிருந்தே மன்னித்திருக்கலாம், உண்மைதான். வேறு வழியிலும் கடவுளால் மீட்டிருக்க முடியும் என்று எங்கள் திருச்சபையின் பெரிய இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸே எழுதியிருக்கிறார். முடிந்தும் வந்தாரே, அதுதான் எங்களுக்குப் பெரிது.

அவதாரத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் விசுவாசத்தில் இயேசு வந்தது ஒரே தடவை. முழுக் கடவுள், முழு மனிதர், ஆள் ஒருவரே என்று 451-இல் ஆயர்கள் கூடிய கல்சதோன் சங்கம் வரையறுத்தது. பசித்தார், நண்பர் லாசர் இறந்தபோது அழுதார். எடுத்த உடலை அவர் கழற்றிப் போட்டுவிடவில்லை. உயிர்த்தபின் சீடர் தோமையாருக்குக் காட்டியதும் அதே உடலின் காயங்களைத்தான். அந்த உடலோடுதான் விண்ணேற்றம் அடைந்தார். தழும்புள்ள கையோடு ஒரு கடவுள், இன்றைக்கும்.

மற்ற ஞாயிறுகளில் பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "மனிதர் ஆனார்" என்று சொல்லும்போது தலை வணங்குவோம். கிறிஸ்துமஸ் அன்று முழந்தாளிடுவோம். 1888-இல் தமிழர்களுக்கென்று கட்டிய ஓஃபீர் ரோடு லூர்து மாதா கோவிலில், அந்த ஒரு வரிக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். போன வருஷம் 24-ஆம் தேதி ராத்திரி எனக்கு ஷிஃப்ட் போட்டார்கள். ஒரு மாதம் முன்பே மாற்றிக் கேட்டிருந்தேன். தீபாவளிக்கு மற்றவர்களுக்காக நின்று வேலை பார்த்தவன் நான், அதையும் சொன்னேன். சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ பிரேக்கில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புத் தகடுகளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு அந்த வரியைச் சொன்னேன். மன்னார்குடி அண்ணன் என் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, முடியும்வரை பேசாமல் நின்றார்.