கேள்வி–பதில்: இந்த வருஷம் ஜெர்சிக்குள் யார்?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு விளையாடுவதற்காகக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களாமே? படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு பணம்?

கொடுக்கிறார்கள். 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். முதல் வருடத்தில் ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகச் சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கிடலாம் என்பது உச்சவரம்பு. விளம்பரத்தில் வருவது தனி.

"எதற்கு இவ்வளவு" என்று கேட்கிறீர்களே, அந்தப் பணம் என்றைக்குமே அங்கே இருந்ததுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (நம் ஊர்க் கால்பந்து இல்லை) ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்க மட்டும் 880 கோடி டாலர். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு இவ்வளவு! ஆடுகிற பையனுக்கு என்ன கிடைத்தது? ஸ்காலர்ஷிப், தங்க இடம், சாப்பாடு. அந்தச் சாப்பாட்டிலும் கணக்குப் பார்த்தார்கள். சிற்றுண்டியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், ஆனால் அதன்மேல் தடவிக்கொள்ள எதுவும் கொடுக்கக் கூடாது என்று என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கம்) நிஜமாகவே விதி வைத்திருந்தது. 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி பட்டம் வென்ற சமயத்தில், சில ராத்திரி பசியோடுதான் படுக்கிறேன் என்று அதன் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர் நிருபர்களிடம் சொன்னார். அதற்குச் சில நாளிலேயே சாப்பாட்டு விதி தளர்ந்தது.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, கொடுக்க வேண்டிய பணத்தைத் தாமதமாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: திடீரென்று எப்படி மனம் மாறினார்கள்?

மனம் எங்கே மாறியது, கோர்ட் மாற்றியது. பழைய கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு உருவம் ஆடுவதைப் பார்த்துவிட்டு 2009-ல் வழக்குப் போட்டார். 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் இன்னொரு வழக்கில் ஒரே குரலில் என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த சில நாளில், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. அப்புறம் 2025 ஜூனில் ஒரு சமரசம்: பழைய ஆட்டக்காரர்களுக்கு 10 வருடத்தில் சுமார் 280 கோடி டாலர், இப்போதைய ஆட்டக்காரர்களுக்கு நான் மேலே சொன்ன பங்கு.

கேள்வி: பணம் வந்ததும் ரசிகர்களின் விசுவாசம் போய்விட்டது என்கிறார்களே?

பணத்தால் போனதாக எனக்குத் தோன்றவில்லை. ரசிகர் எரிச்சல்படுவது இரண்டு விஷயத்துக்கு: ஒன்று, பையன் நிற்பதில்லை, இரண்டு, பில் தன் தலையில் விழுகிறது.

முன்பெல்லாம் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் முதல் தடவை மாறுகிறவர்களுக்கு அது போனது. 2024-லிருந்து படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். காசும் இந்தச் சுதந்திரமும் ஒரே சமயத்தில் வந்ததால் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

டென்னசி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நடந்ததைப் பாருங்கள். நிகோ இயாமலேயாவா அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டமே அவர் கையில். 2024-ல் அணியை ப்ளேஆஃப் வரை கொண்டுபோனவர். 2025 ஏப்ரலில், சம்பளப் பேச்சு நடப்பதாகச் செய்தி வந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மறுநாளே பயிற்சியாளர் ஜோஷ் ஹூப்பல், அவர் இல்லாமல் மேலே போகிறோம் என்று அறிவித்துவிட்டார். பையன் தன் சொந்த ஊர்ப்பக்கம், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஜோயி அகிலார் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார், அவரே சில மாதம் முன்புதான் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். புதியவர் வந்ததும் அகிலார் கிளம்பினார். எங்கே? டென்னசிக்கு! அந்த சீசனில் டென்னசியின் குவார்ட்டர்பேக் அவர்தான். ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? அதே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அகிலாருக்குக் கைதட்டினார்கள். கல்லூரி மேல் இருந்த பாசம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பையன் பதினெட்டு வயதில் வந்து, தடுமாறி, நாலு வருடத்தில் நம் கண்ணெதிரே தேறுவதைப் பார்க்கிற சுகம் இருந்ததே, அதுதான் குறைந்துகொண்டே வருகிறது.

பில் விஷயமும் இதே டென்னசிதான். 2025 சீசன் டிக்கெட்டில் ஆட்டக்காரர்களுக்காக என்றே வெளிப்படையாகச் சொல்லி 10 சதவீதம் கூடுதல் கட்டணம் போட்டார்கள். நேர்மையான திருட்டு என்று சிலர் சொல்வார்கள். நான் நேர்மையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் இது இன்னொரு ஐபிஎல், சரிதானே?

ஐபிஎல்லே தேவலை. அங்கே ஏலம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, நினைத்த மாத்திரத்தில் அடுத்த அணிக்குத் தாவ முடியாது. இங்கே தொழில்முறைப் பணம் இருக்கிறது, தொழில்முறைக் கட்டுப்பாடு இல்லை. மாணவரை ஊழியர் என்று ஒப்புக்கொண்டு, சங்கம் வைக்க விட்டு, உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஊழியர் என்ற அந்தச் சொல்லைத்தான் கல்லூரிகள் வாயில் வர விடமாட்டேன் என்கின்றன. பாராளுமன்றம் தங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றட்டும் என்று என்சிஏஏ வாஷிங்டனுக்கு நடையாய் நடக்கிறது.

கேள்வி: பணக்காரக் கல்லூரிகள்தானே இனி ஜெயிக்கும்?

பணக்காரக் கல்லூரிகள் எப்போதும்தான் ஜெயித்தன. வேடிக்கை என்னவென்றால், சில நோஞ்சான் அணிகளுக்குத்தான் இப்போது யோகம். 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணி, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40–35 என்று வீழ்த்தியது. ஜெயிக்க வைத்த டியேகோ பாவியா நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்தவர். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியே தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். கல்லூரிக்கு 1 லட்சம் டாலர் அபராதம். வெளியூரிலிருந்து வந்த பையன்தானே என்று அந்த ராத்திரி யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இண்டியானாவும் அப்படித்தான். அதுவரை தன் சரித்திரத்திலேயே ஒரு சீசனில் 10 ஆட்டம் ஜெயிக்காத அணி, 2024-ல் 11 ஜெயித்தது. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, அங்கிருந்த ஆட்டக்காரர்கள் பலரையும் கூடவே கூட்டி வந்திருந்தார். எனக்கு அந்த ஜேம்ஸ் மேடிசன் ரசிகர்தான் நினைவுக்கு வருகிறார். பார்த்துப் பார்த்து வளர்த்த அணி, வேறு ஊரில் ஜெயிப்பதை டிவியில் பார்க்க வேண்டியிருக்கிறது. உண்மையான நஷ்டம் அவருக்கு.

கேள்வி: பெண்கள் விளையாட்டுக்கு ஏதாவது கிடைக்குமா?

குறைவாக. பழைய ஆட்டக்காரர்களுக்கான அந்த 280 கோடி டாலரில் பெரும்பங்கு ஆண்களின் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. பாலினச் சமத்துவச் சட்டத்தைக் காட்டி சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். 2023 அக்டோபரில் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடுவதைப் பார்க்க அயோவா பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி கால்பந்து மைதானத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். நாலு வருடமும் அதே அயோவாவில் ஆடியவர் அவர், விளம்பரப் பணத்தோடு!

கேள்வி: என் மகன் அங்கே படித்து முடித்துவிட்டு வேலையில் இருக்கிறான். அவன் கல்லூரி அணியின் 'கலெக்டிவ்' மாதாமாதம் நன்கொடை கேட்கிறதாம். கொடுக்கலாமா?

ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரட்ட ரசிகர்களும் பணக்காரர்களும் சேர்ந்து வைத்த அமைப்புதான் கலெக்டிவ். விருப்பமிருந்தால் கொடுக்கட்டும், ஆனால் தர்மக் கணக்கில் எழுதி வரிச்சலுகை வாங்கலாம் என்று நம்ப வேண்டாம். இவற்றில் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை என்று வரித்துறை 2023-லேயே சொல்லிவிட்டது. ஒரு பையனை மட்டும் மனதில் வைத்துக்கொண்டும் கொடுக்க வேண்டாம், ஜனவரியில் அவன் வேறு கல்லூரியில் இருக்கலாம். எனக்கு அந்த டாலர் இருந்தால், அதே கல்லூரியின் மல்யுத்தத்துக்கோ நீச்சலுக்கோ டிக்கெட் வாங்குவேன். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கல்லூரிகள் முதலில் கைவைப்பது அந்த அணிகளில்தான்.